பார்சல் வரும், பணம் போகும்!

ஒருவரோடு நில்லாமல், சம்பந்தப்பட்ட எல்லோரும் அறியப் பலரோடு பழகுகிறவர்களுக்கும் செயலிகள் உண்டு, தெரியுமோ? 2014-ல் லண்டனில் வேறு பெயரோடு பிறந்த 'ஃபீல்ட்' அப்படியொன்று. சேர இலவசம். சரியா, தப்பா என்ற வழக்கு அவரவர் வீட்டோடு போகட்டும்.

என் கவலையெல்லாம் வேறு. வீடியோவில் முகமே காட்டாமல் உருகுகிற கனவான் ஒருவர் பரிசு அனுப்புவார். மறுநாள் 'சுங்க இலாகா' என்று ஒரு குரல்: "பார்சல் மாட்டிக்கொண்டது, 30,000 ரூபாய் கட்டுங்கள்!" அம்மாடி! சுங்க இலாகா எந்தக் காலத்தில் தனி ஆளின் கணக்கில் பணம் போடச் சொல்லிற்று?

கட்டிவிட்டீர்களா? 'இந்தச் செயலியில் எனக்கென்ன வேலை என்று கேட்பார்களே' என வாயை மூடிக்கொள்ளாதீர்கள், சகோதரி. அந்த வெட்கம்தான் அவனுக்கு முதல். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறுமுன் வங்கியில் நிறுத்திவைக்க வழியுண்டு. தொகை, நேரம், போன கணக்கு எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.