கண்ணுக்குத் தெரியாத இணைப்புகள்



இங்கிலாந்தில் குடும்பத்துடன் வாழ்ந்துவரும் சகோதரர் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். அவரும் அவருடைய பன்னிரண்டு வயது மகனும் ஓராண்டுக் காலம் உழைத்து, வீட்டின் ஓர் அறையில் நீண்ட மேசை அமைத்து, அதன்மீது மாதிரி ரயில்பாதை ஒன்றை நிறுவினார்களாம். முதல் மாதம் வண்டிகள் செம்மையாக ஓடின. பின்னர், தொலைவிலுள்ள மூலையில் ரயில் தயங்கித் தயங்கி நின்றது. ஒருநாள் அங்கே எஞ்சின் தடம்புரண்டபோது மேசைக்கு அடியிலிருந்து கருகிய வாடை எழுந்தது. அன்று முதல் மகன் அந்த அறைப்பக்கமே செல்வதில்லையாம். "கம்பிகளை எதைக்கொண்டு இணைத்திருக்க வேண்டும்?" என்பதே அவரது வினா.

பழுது எங்கே என்பதை அவர் மடலே சொல்லிவிடுகிறது. கம்பிகளை முறுக்கி, மேலே டேப் சுற்றியிருக்கிறார். நம் வீடுகளில் பலரும் செய்வதுதான். ஆனால் முறுக்கிய கம்பி நாளடைவில் தளரும். வெப்பத்தில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும்.

இவ்வகை ரயிலுக்கு மின்சாரம் இரு தண்டவாளங்கள் வழியாகவே செல்கிறது. பிரிட்டனில் பெரிதும் வழங்கும் 'ஓஓ' அளவில், 1:76 என்ற விகிதத்தில் வண்டிகள் அமைகின்றன. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் சிறு உலோகப் பட்டைகளை மட்டும் நம்பினால், அவை களிம்பேறி மின்னோட்டத்தைத் தடுக்கும். ஆகவே மேசைக்கு அடியில் தடித்த தாய்க்கம்பிகள் இரண்டை நெடுகிலும் ஓட்டி, ஒன்றிரண்டு மீட்டருக்கு ஓரிடத்தில் மெல்லிய கிளைக்கம்பிகளைத் தண்டவாளத்துக்கு ஏற்றுவது வழக்கம்.

தாய்க்கம்பி ஏன் தடித்திருக்க வேண்டும்? 10 மீட்டர் தொலைவுக்கு 5 ஆம்பியர் மின்சாரம் சென்று திரும்புவதாகக் கொள்வோம். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் ஏறத்தாழ 0.7 வோல்ட் மட்டுமே குறையும். 0.5 சதுர மி.மீ. கம்பியிலோ 3.4 வோல்ட் குறைந்துவிடும். சுமார் 15 வோல்ட்டில் இயங்கும் டிஜிட்டல் முறைக்கு இது பேரிழப்பு.

தளர்ந்த இணைப்பு இன்னும் கொடியது. அதன் தடை அரை ஓம் என்றால், 5 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு முனையில் 12.5 வாட் வெப்பம் பிறக்கும். ஈயத்தை உருக்கும் 25 வாட் சால்டரிங் கருவியில் இது சரிபாதி! எஞ்சின் தடம்புரண்டு இரு தண்டவாளங்களும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், மின்வழங்கி தானாகவே நின்றுவிட வேண்டும். ஆனால் இணைப்பின் தடை குறுக்கிட்டு மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவதால், மின்வழங்கி ஆபத்தை உணர்வதில்லை. நிற்காமல் ஊட்டிக்கொண்டே இருக்கிறது. சகோதரர் நுகர்ந்த வாடை இவ்வாறு எழுந்ததாகவே தோன்றுகிறது.

இனி, இணைக்கும் முறைகளைக் காண்போம்.

முதலாவது, சால்டரிங். முறையாகச் செய்தால் மிக உறுதியானது. கிளைக்கம்பியைத் தண்டவாளத்தோடு சேர்க்க இதுவே சிறந்தது. ஆனால் மேசைக்கு அடியில் மல்லாந்து கிடந்து செய்தால் உருகிய ஈயம் முகத்தில் சொட்டக்கூடும். கண்ணாடி அணியாமல் இறங்காதீர்கள்.

இரண்டாவது, பெட்டியை மூடுவதுபோல் மடங்கும் பிளாஸ்டிக் கவ்வி. தாய்க்கம்பியை வெட்டாமலேயே, உள்ளிருக்கும் உலோகத் தகடு இரு கம்பிகளின் மேலுறையையும் கிழித்துச் செம்பைப் பற்றிக்கொள்ளும். கம்பியின் பருமனுக்கு ஏற்ற கவ்வியையே வாங்க வேண்டும். பிளவு அகன்றிருந்தால் பிடி தளரும்; குறுகியிருந்தால் இழைகள் அறுந்துபோகும். ஒருமுறை அழுத்தியதைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவது நன்றன்று.

மூன்றாவது, திருகாணி வைத்த கனெக்டர் பட்டை. விலை மலிவு, பிரித்துச் சோதிக்கவும் எளிது. இங்கே பலரும் ஒரு பிழை செய்கிறார்கள். பல இழைக் கம்பியின் முனையில் ஈயம் பூசித் திருகாணிக்குள் நுழைத்தால் உறுதி கூடும் என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. அழுத்தத்தின்கீழ் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், பிடி தளரும். ஈயத்துக்குப் பதிலாக, முனையில் சிறு உலோகக் குழாயை மாட்டி நசுக்கிவிட்டுப் பிறகு திருக வேண்டும்.

நான்காவது, நெம்புகோல் கவ்வி. ஜெர்மனியின் வாகோ நிறுவனத்தின் 221 வரிசை இதில் பெயர்பெற்றது. கம்பி முனையில் 11 மி.மீ. உறையை நீக்கி, நெம்புகோலைத் தூக்கி, நுழைத்து மூடினால் போதும். ஒரே கவ்வி மெல்லிய கம்பியையும் 4 சதுர மி.மீ. வரையிலான தடித்த கம்பியையும் பற்றும். உடல் ஒளிபுகுவதாக இருப்பதால் கம்பி முழுதும் நுழைந்ததா என்று கண்ணாலேயே காணலாம். தாய்க்கம்பியை அங்கங்கே வெட்ட நேர்வதும் விலை கூடுதலாக இருப்பதும் இதன் குறைகள்.

சகோதரருக்கு நாம் கூறும் யோசனை இதுவே: தண்டவாளத்தில் சால்டரிங், தாய்க்கம்பியில் நெம்புகோல் கவ்வி. செலவு மிகுதியென்றால் பெட்டிக் கவ்வி. இரு தண்டவாளங்களுக்கும் இரு வேறு நிறக் கம்பிகள். ஒவ்வோர் இணைப்பிலும் எண் எழுதிய சீட்டு. இவையெல்லாம் தாழ்ந்த மின்னழுத்தப் பகுதிக்கு மட்டுமே உரியவை. 230 வோல்ட் வரும் பக்கத்தை நீங்களும் தொடாதீர்கள், பிள்ளையையும் தொடவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை உண்டு. அமெரிக்கர்கள் தங்கள் கால் டாலர் நாணயத்தைக்கொண்டு செய்வது. உங்களுக்கு இரண்டு பென்ஸ் நாணயம் போதும். அதை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வையுங்கள். மின்வழங்கி உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நாணயத்தை அக்கணமே எடுத்துவிட்டு, அவ்விடத்து இணைப்பைத் திருத்துங்கள். பாதை முழுவதும், ஓரிடமும் விடாமல் இவ்வாறு சோதியுங்கள்.

மேசையின் மேலுள்ள மலையையும் நிலையத்தையும் விருந்தினர் புகழ்வர். அடியில் நீங்கள் செய்த இணைப்பை எவரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. ஆயினும் வண்டி ஓடுவது அதனால்தான். யாரும் பாராத இடத்திலும் வேலையைச் செம்மையாகச் செய்வது எப்படி என்பதை உங்கள் மகன் கற்றுக்கொள்ள, அந்த மேசையடியைவிடப் பொருத்தமான பள்ளி வேறில்லை. தனியாகத் திருத்தி முடித்துவிட்டு அவனை அழைக்காதீர்கள். இன்றே அழையுங்கள். முதல் கவ்வியை அவன் மூடட்டும். நாணயத்தையும் அவனே வைக்கட்டும்.