கழிவுகளும் நம் கடமையும்

ஆனி மாதத்து மழை ரப்பர் இலைகளின்மேல் விடாமல் பெய்துகொண்டிருக்கும் வாரங்களில்தான், பாறசாலையிலிருந்தும் காரோட்டிலிருந்தும் வெள்ளறடையிலிருந்தும், படிவம் 16 ஐ நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு, பள்ளி ஆசிரியைகளும் ஆஸ்பத்திரிச் செவிலியர்களும் பேருந்து ஓட்டுநர்களும் வங்கிச் சிப்பந்திகளும் நம் படியேறி வருகிறார்கள். வந்து அமர்ந்ததும் அவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "சாரே, எனக்கு எவ்வளவு ரீஃபண்ட் கிடைக்கும்?" ஈட்டிய வருமானம் எவ்வளவு, செலுத்தவேண்டிய வரி எவ்வளவு என்ற முதல் இரண்டு கேள்விகளும் பின்னுக்குப் போய், மூன்றாவதாக நிற்கவேண்டிய கேள்வி முதலாவதாக வந்து நிற்பதற்கு, சாமானிய மக்களின் பேராசையைக் காட்டிலும் வருமான வரி அறிக்கை தயாரிக்கும் நம் தொழிலைச் சேர்ந்த சிலரது போதனையே காரணம் என்பது எமது அபிப்பிராயம்; ஆகையால் இவ்விதழின் ஆசிரியர் உரையை வெளியாரை நோக்கி எழுதாமல் நம்மவரை நோக்கியே எழுதுகிறோம்.

2025 ஜூலை 14 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட அறிக்கையை நம்மில் பலர் வாசித்திருப்பார்கள். பொய்க் கழிவுகளை எழுதி ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்து அதில் பங்கு பெற்றுவந்த இடைத்தரகர்களைத் தேடித் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 150 இடங்களில் சோதனை நடந்ததையும், அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தங்கள் வரி அறிக்கைகளைத் திருத்தி 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் தாமே விலக்கிக்கொண்டதையும் அது கூறியது. தொகையைவிட எம் மனத்தை உறுத்திய விவரம் வேறொன்று: மொத்தமாக அறிக்கைகளை அனுப்புவதற்கென்றே இந்தத் தரகர்கள் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைத் தொடங்கி, வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள்; இலாகாவின் நோட்டீசுகள் யாரும் வாசிக்காத பெட்டியில் கிடந்து கெடு கடந்துவிடுகின்றன.

இது தூரதேசத்துச் சங்கதியன்று. நம்மிடம் வந்த ஓர் ஆசிரியை, தாம் பெயர்கூடக் கேட்டிராத ஓர் அரசியல் கட்சிக்கு 80ஜிஜிசி பிரிவின்கீழ் நன்கொடை வழங்கியதாகத் தமது அறிக்கையில் எழுதியிருந்ததை எமது மேசையில்தான் முதன்முதலாக அறிந்தார். அறிக்கையை அனுப்பியவர் ரீஃபண்டில் பங்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கணக்கில் பதிந்திருந்த மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் அவருடையவை. புதுப்பித்த அறிக்கை கொடுத்து, வாங்கிய தொகையை வட்டியோடும் மேல்வரியோடும் திருப்பிச் செலுத்த அந்த அம்மையார் கைவளையை அடகுவைக்க நேர்ந்தது. உண்மைக்கு மாறாக வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் வரியின் இருமடங்கு வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதற்கு முன்பாகவே வந்து சேர்ந்தமை அவருடைய பாக்கியம். கையொப்பம் அவருடையது, பொய் மற்றொருவருடையது என்று வாதாடிப் பிரயோஜனமில்லை. சட்டத்தின் கண்ணில் அறிக்கை வரிசெலுத்துபவருடையதே.

இவ்வளவு ஆபத்தும் எதற்காக என்று எண்ணிப் பார்த்தால் வேதனை அதிகமாகிறது. 2025-26 ஆம் வருஷத்து வருமானத்துக்குப் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரை 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரியில்லை. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் சேர்வதால் 12,75,000 ரூபாய் சம்பளம் வரை ஒரு காசும் செலுத்தவேண்டியதில்லை. கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள நம் கிராமங்களில் மாதச் சம்பளம் வாங்குவோரில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள் அடங்குபவர்கள். வரம்பைத் தாண்டியவர்களுக்கும் கணக்கு தெளிவாகவே நிற்கிறது. 14 லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவருக்குப் புதிய முறையில் செஸ் நீங்கலாக வரி 78,750 ரூபாய். பழைய முறையில் இதே வரியை எட்டுவதற்கே, 50,000 ரூபாய் நிலைக்கழிவையும் சேர்த்து, 5,68,750 ரூபாய்க்குக் கழிவுகள் வேண்டும். உண்மையாகவே வீட்டுக்கடனும் வாடகையும் சேமிப்பும் உள்ளவர்களுக்குத்தான் அது கைகூடும். அப்படிப்பட்டவர்கள் கெடுத் தேதிக்குள் அறிக்கை கொடுத்தாகவேண்டும். தாமதித்தால் பழைய முறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையே போய்விடும் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நம் பொறுப்பு.

பொய்க் கழிவை எழுதுவது எத்தகைய குற்றமோ, மெய்யான கழிவை எழுதாமல் விடுவதும் ஏறக்குறைய அத்தகைய குறையே. இந்த இரண்டாவது குறை நம் பகுதியில் பெருகியிருப்பதற்கு எல்லைதான் காரணம். நெய்யாற்றின்கரை தாலுகாவில் வீடும், களியக்காவிளைக்கு அப்பால் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ உத்தியோகமும் உள்ள ஒருவருடைய காகிதங்களை மேசையில் பரப்பினால், படிவம் 16 ஒரு மாநிலத்திலிருந்தும், கரம் கட்டின ரசீது மலையாளத்தில் மற்றொரு மாநிலத்திலிருந்தும், கடன் புத்தகம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தும் வந்திருக்கும். வில்லேஜ் ஆபீசில் கட்டிய நிலக் கரத்தை யாரும் கழிக்க முடியாது. பஞ்சாயத்தில் கட்டிய கட்டட வரியையோ, வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், அந்த வருஷத்தில் உண்மையில் செலுத்திய அளவுக்குக் கழிக்கலாம். இரண்டு ரசீதுகளும் ஒரே மடிப்புக்குள் இருப்பதால் இரண்டையும் எழுதுகிறவர்களும் உண்டு, இரண்டையும் விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டுக்காக வாங்கிய கடனின் வட்டியைப் பழைய முறையில் 24 ஆவது பிரிவின்கீழ், சொந்த வாசத்துக்கான வீடாயின் 2 லட்சம் ரூபாய் வரை கழிக்கலாம். கடன் கொடுத்தவர் இன்னார்தான் என்ற நிபந்தனை அங்கே இல்லை. நகையை அடகுவைத்துப் பெற்ற பணத்தால் வீட்டைக் கட்டியிருந்தாலும், பணம் கட்டடத்துக்குள் போயிற்று என்பதற்குச் சிமெண்டுக் கடைச் சீட்டும் கொத்தனார் கணக்கும் காட்ட முடியுமானால், அந்த வட்டியும் கழிவுக்கு உரியதே. அசலைத் திருப்பிச் செலுத்தியதற்கு 80சி பிரிவின்கீழ் கழிவு கேட்பதென்றால் விஷயம் வேறு. அதற்குக் கடன் கொடுத்தவர் வங்கியாகவோ கூட்டுறவு வங்கியாகவோ சட்டம் குறிப்பிட்ட பிற ஸ்தாபனமாகவோ இருக்கவேண்டும், ஆகவே பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து எழுதிவிடக் கூடாது. சிட்டித் தவணையைச் சேமிப்பென்று நம்பி 80சி இல் எழுதச் சொல்லுவோர் இங்கே மிகப் பலர். சிட்டி நல்ல சேமிப்புத்தான், ஆனால் 80சி பட்டியலில் அதற்கு இடமில்லை என்று பொறுமையாக விளக்கிச் சொல்லவேண்டும். மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பக் கடன் வாங்கிய தகப்பனார், அந்தக் கடனின் வட்டி முழுவதையும் எட்டு வருஷம் வரை 80இ பிரிவின்கீழ் பழைய முறையில் கழிக்கலாம் என்பதை அறியாமல், அசலை எழுத முடியாதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். கடன் யார் பெயரில் இருக்கிறது என்று நாம் கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

ரப்பரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு ஏக்கர் மரத்தில் பால் வெட்டி, ஷீட் அடித்து, ஒட்டுப்பாலையும் சேர்த்துக் கடையில் விற்கும் ஆசிரியரின் அந்த வருமானம் விவசாய வருமானமாகையால் அதற்கு நேராக வரியில்லை. ஆனால் செலவு போக அது 5,000 ரூபாயைத் தாண்டினால் முதலாம் எண் படிவத்தைப் பயன்படுத்தக் கூடாது; இரண்டாம் எண் படிவத்தில் அதைக் காட்டவேண்டும், சம்பளத்துக்குரிய வரியின் வீதத்தை நிர்ணயிக்கும்போது அது கணக்கில் சேரும். வரி இல்லாத பணத்தை எதற்குக் காட்டவேண்டும் என்ற கேள்விக்கு நம்மில் சிலரே தலையசைத்து, சுலபமான படிவத்தில் அனுப்பிவிடுகிறோம். அது தவறு.

சம்பள நிலுவை மற்றொரு விஷயம். பழைய வருஷங்களுக்குரிய நிலுவை ஒரே வருஷத்தில் கைக்கு வந்து வரி ஏறிவிட்டால், 89 ஆவது பிரிவு பரிகாரம் தருகிறது. இது புதிய முறையிலும் உண்டு. ஆனால் படிவம் 10இ யை அறிக்கைக்கு முன்பாக அனுப்பவேண்டும். அதைச் செய்யாமல் பரிகாரத்தை மட்டும் கேட்டுவிட்டு, பெங்களூரு மையத்திலிருந்து வரிக் கேட்பு வந்தபின் திகைத்து நிற்பவர்களை ஒவ்வொரு வருஷமும் காண்கிறோம்.

நம் காகிதங்களை இரண்டு மாநிலங்களாகப் பிரிக்கும் இந்த எல்லை பழையதன்று என்பதை நினைவூட்டுவது அவசியம். திருவிதாங்கூருக்குத் தனியாக வருமான வரிச் சட்டம் இருந்தது. 1950 ஏப்ரல் 1 முதல்தான் 1922 ஆம் வருஷத்து இந்தியச் சட்டம் இங்கே அமலாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. ஒரே குடும்பத்தின் இரண்டு சகோதரர்கள் அன்றிலிருந்து இரண்டு சர்க்கார்களின் பிரஜைகளாயினும், வருமான வரியில் மட்டும் இருவரும் ஒரே சட்டத்தின்கீழ் இருக்கிறார்கள். கேரளத்து இஞ்சிவிளையிலுள்ளவர் அக்ஷயா மையத்துக்கும், எல்லைக்கு அப்பாலுள்ளவர் இ-சேவை மையத்துக்கும் போகிறார் என்பதே வித்தியாசம்.

நம் செவிலியர்களில் சிலர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று அங்கே அறிக்கை கொடுக்கிறார்கள். இங்குள்ள வீட்டு வாடகைக்காக நம்மிடமும் வருகிறார்கள். அவர்கள் சொல்லும் முறை ஆலோசிக்கத் தக்கது. அங்கே ஜூலை முதல் ஜூன் வரை வரி வருஷம். வேலைக்காகத் தாம் செய்த செலவைத் தொழிலாளர் தாமே கணக்கிட்டுக் கழிக்கலாம். கட்டாயச் சீருடையைச் சலவை செய்த செலவைக் கழிக்கலாம், சாதாரண உடையைக் கழிக்க முடியாது. செவிலியர் மார்பில் குத்திக்கொள்ளும் கடிகாரத்துக்குக் கழிவு உண்டு, கையில் கட்டும் கடிகாரத்துக்கு இல்லை. வேலை தொடர்பான செலவுகள் மொத்தம் 300 டாலருக்கு மேற்பட்டால் எழுத்துமூலச் சான்று வேண்டும், அதை ஐந்து வருஷம் காக்கவேண்டும். நம் தேசத்துச் சம்பளக்காரருக்கு இவ்வுரிமை இல்லை. அதற்குப் பதிலாக நிலைக்கழிவு உண்டு. 2005 ஆம் வருஷத்து நிதிச் சட்டம் நீக்கிய அதை 2018 இல் 40,000 ரூபாயாக மீண்டும் கொண்டுவந்து, இன்று புதிய முறையில் 75,000 ஆக்கியிருக்கிறார்கள். செருப்புக்கும் குடைக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் தனித்தனியாகச் சீட்டுச் சேர்க்கும் சிரமத்திலிருந்து அது நம் மக்களை விடுவித்திருக்கிறது. எமது கருத்தில் அது நல்ல ஏற்பாடு.

1961 ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஆம் வருஷத்துச் சட்டம் அமலாகும் நாள் 2026 ஏப்ரல் 1. ஆயினும் 2025-26 வருமானத்துக்குரிய அறிக்கை பழைய சட்டத்தின்படியே அமையும். பிரிவு எண்கள் மாறும் குழப்பத்தில் பொய்ச் சரக்கு விற்போர் மீண்டும் கிளம்புவார்கள். ஆகையால் நம் தொழில் நண்பர்களை இவ்வாறு வேண்டிக்கொள்கிறோம்: ரீஃபண்டில் பங்கு என்ற ஊதிய முறையை அறவே விட்டொழித்து, உழைப்புக்குரிய நிர்ணயித்த கட்டணத்தை மட்டும் வாங்குங்கள், வந்தவருடைய சொந்த மின்னஞ்சலையும் சொந்தத் தொலைபேசி எண்ணையுமே பதியுங்கள், காகிதத்தைக் கண்ணால் காணாமல் எந்தக் கழிவையும் எழுதாதீர்கள், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பாக, அறிக்கையின் ஒவ்வொரு தொகையையும் எதிரில் அமர்ந்திருப்பவருக்குத் தமிழில் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள்.