தேநீர் இடைவேளையை ஏன் சுருக்குகிறீர்கள்?

டீலர் கூட்டமோ புதுப் பொருள் அறிமுகமோ, பேசப்பட வேண்டுமென்றால் பிரமாண்டமாக நடத்த வேண்டும் என்ற எண்ணம் நம் நிறுவனங்களில் வேரூன்றிவிட்டது. ராட்சத எல்இடி திரை, சினிமா நட்சத்திரம், காலை முதல் மாலைவரை உரைகள், போகும்போது கையில் பரிசுப் பை. இதை நான் ஏற்கவில்லை.

முதலில் திரை. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்புக் ஏர் மடிக்கணினியை அறிமுகப்படுத்தியபோது அரங்கும் பெரியது, திரையும் பெரியது. ஆனால் இன்றுவரை பேசப்படுவது, சாதாரண அலுவலகக் காகித உறையிலிருந்து கணினியை அவர் உருவி எடுத்த அந்த நொடிதான். எத்தனை மெல்லியது என்பதை எண்ணில் சொன்னதோடு நில்லாமல் கண்ணெதிரே காட்டினார். அந்த உறைக்கு என்ன செலவாகியிருக்கும்?

நட்சத்திரம் வந்தால் கூட்டம் வரும், மறுக்கவில்லை. வந்த கூட்டம் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடும். அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பெர்க்‌ஷயர் ஹாத்வே பங்குதாரர் கூட்டத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். மேடையில் அந்த நிறுவனத்தை நடத்திய வாரன் பஃபெட்டும் சார்லி மங்கரும் மேசை முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். அவர்களே நட்சத்திரங்கள்தானே என்பீர்கள். உண்மை. ஆனால் காசு கொடுத்து அழைத்து வரப்பட்டவர்கள் அல்லர். கேட்டவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உங்கள் டீலரும் அப்படி ஒரு பதிலுக்காகத்தான் ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது நிகழ்ச்சி நிரல். உரைகள் நீண்டால் முதலில் வெட்டப்படுவது தேநீர் இடைவேளை. ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் பெரும்பாடுபட்டு ஒரு மாநாட்டை நடத்தி முடித்தார். அதில் உருப்படியாக இருந்தது காபி இடைவேளைகளே என்று வந்தவர்கள் சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. எதைப் பற்றிப் பேசுவது என்பதை வந்தவர்களே முடிவு செய்யும் ‘ஓப்பன் ஸ்பேஸ்’ முறையை 1980களில் உருவாக்கினார். கோவை கொடிசியா வளாகத்தில் இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது பாருங்கள். ஓடுகிற இயந்திரத்தைச் சுற்றித்தான் பட்டறைக்காரர்கள் நிற்பார்கள். வெட்டி விழுந்த உலோகத் துண்டை விரலால் தடவிப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் “உங்ககிட்ட இது எப்படிங்க ஓடுது?” என்று கேட்பார்கள். அந்த உரையாடலுக்கு இடம் விடாத நிகழ்ச்சியில் எத்தனை விளக்கு எரிந்து என்ன பயன்?

பரிசுப் பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லார் வீட்டுப் பரணிலும் அது இருக்கிறது.

நாள் முழுக்க நடத்தினால்தான் மனதில் பதியும் என்பதும் சரியல்ல. வலிமிகுந்த மருத்துவப் பரிசோதனைக்கு உள்ளானவர்களை டேனியல் கானமனும் டொனால்ட் ரெடல்மையரும் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார்கள். பரிசோதனை எவ்வளவு நேரம் நீண்டது என்பது நினைவை அதிகம் பாதிக்கவில்லை. வலி உச்சத்திலிருந்த கணமும் கடைசி நிமிடங்களுமே அதைத் தீர்மானித்தன. நம் கூட்டங்களின் கடைசி நிமிடங்கள் எப்படி இருக்கின்றன? நன்றியுரை ஓடிக்கொண்டிருக்கும், பாதி நாற்காலிகள் காலி, முதலாளி பின்வாசல் வழியே கிளம்பியிருப்பார். அந்த நேரத்தில் அவர் முன்வாசலில் நின்று, வந்தவர்களைப் பெயர் சொல்லி வழியனுப்பட்டும். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் அப்படித்தான் நிற்கிறார்.