விலைக்கு வாங்கும் ஆய்வேடு

இளநிலைப் பட்டப் படிப்பின் இறுதிப் பருவத்தில் நம் பிள்ளைகள் பலரும் ஓர் ஆய்வேடு அளிக்க வேண்டியிருக்கிறது. 'ப்ராஜெக்ட்' என்று வீடுகளில் அதனைச் சொல்கிறோம். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒன்றை வாங்கி, பெயரை மாற்றி, அட்டை கட்டி ஒப்படைக்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அதை இன்னும் எளிதாக்கிவிட்டன. 'எல்லோரும் செய்வதுதானே' என்று பெற்றோரும் பணம் கொடுத்துவிடுகின்றனர்.

அந்த ஏட்டின் முதற்பக்கங்களில், இது தன் சொந்த உழைப்பே என்னும் உறுதிமொழியின் கீழ் மாணவர் கையொப்பமிடுகிறார். வட்டிக் காசு வாசற்படி ஏறக்கூடாது என்று பேணுதலாக இருக்கும் குடும்பங்கள், இந்தப் பொய்ச் சாட்சியத்தை மட்டும் சிறிதாகக் கருதுவது எவ்வாறு பொருந்தும்?

வந்த செய்தியை விசாரித்துத் தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், ஒரேயொரு நபிமொழியை அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் நேரில் கேட்பதற்காக ஒரு மாதத் தொலைவு பயணம் செய்தார்கள். யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தே நம் முன்னோர் ஹதீஸ்களை ஏற்றனர். களத்திற்குச் செல்வதும் சான்று காட்டுவதும் நமக்கு அந்நியமானவை அல்ல.

தேசியக் கல்விக் கொள்கை 2020இன் வழியில் வகுக்கப்பட்ட நான்காண்டு ஆனர்ஸ் படிப்பில், முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர் நான்காம் ஆண்டை ஆய்வுக்கு ஒதுக்கலாம். தமிழ்நாட்டில் இளநிலைப் படிப்பு மூன்றாண்டுகளே. பட்டம் பெற்றதும் நிக்காஹ் முடிந்துவிடும் நம் பெண்மக்கள் பலருக்கு, வாழ்வில் வாய்க்கும் ஒரே ஆய்வு இதுவாகத்தான் இருக்கும். அதையும் விலைக்கு வாங்கலாமா?

ஆய்வுப் பொருளுக்குப் பஞ்சமில்லை. கம்பம் பள்ளத்தாக்கில், ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956இல் தோன்றிய உத்தமபாளையத்திலிருந்து பார்த்தால் எதிரே மேகமலை. 2021இல் புலிகள் காப்பகமான மலைத்தொடர் அது. காட்டுக்குள் செல்ல வனத்துறை அனுமதி வேண்டும். அடிவாரத்திலேயே வேலை ஏராளம். விலங்கியல் மாணவர் தோட்டங்களுக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுக்கலாம். வேதியியல் மாணவர் பன்னீர் திராட்சையில் எஞ்சும் பூச்சிமருந்தைச் சோதிக்கலாம். வணிகவியலுக்குப் போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலம் இருக்கிறது. பொருளியலுக்கு, விடியுமுன் ஜீப்பேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களின் கூலி. தமிழ் பயில்பவர், நன்னிமார் பேழையில் வைத்திருக்கும் அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பட்டியலிட்டாலே போதும்.

குடும்பம் செய்ய வேண்டியது சிறிதே. மகள் களப்பணிக்குச் செல்லத் தயங்கினால், அத்தாவோ அண்ணனோ ஒருநாள் துணைக்குச் செல்லலாம். வாங்கும் ஏட்டுக்குக் கொடுக்கும் பணத்தைப் பேருந்துக் கட்டணத்திற்கும் அச்சுக்கும் கொடுக்கலாம். 'என்ன கண்டாய்?' என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்கலாம். மதிப்பெண் சற்றுக் குறைந்தாலும் கடிந்துகொள்ளாதிருக்கலாம். அந்த அச்சமே பல பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புகிறது.

இருபது பக்கமே ஆனாலும் தானே கண்டு, தானே எழுதியது ஓர் அமானிதம். அதனைப் பேணும் பிள்ளைகளாக நம் மக்களை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.