குரோசுக் கணக்கு இல்லாத கோடை

பள்ளிக்கூடம் லீவு விட்ட கையோடு வாட்ஸ்அப்பில் அந்தப் பட்டியல் வந்துவிடுகிறது. 'வீணாகும் பொருளில் கைவேலை' என்று தலைப்பு. கீழே, வாங்கவேண்டிய சாமான்கள்: வண்ண ஐஸ் குச்சி, மினுக்குத் தூள், பளபளத் தாள். வீணாய்ப்போன பொருளைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள். அதுவும் யாரிடம்? சிவகாசி, சாத்தூர், விருதுநகர்க்காரர்களிடம். ஊர் உலகத்துக்கெல்லாம் காலண்டரும் நோட்டும் கல்யாணப் பத்திரிகையும் அடித்து அனுப்புகிற பக்கம் இது. கட்டிங் மிஷின் அடியில் கலர் கலராக விழும் தாளை மூட்டை கட்டி எடைக்குப் போடுகிறவர்கள் நாம்.

கடைக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். முதலில் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். ஜனவரி முதல் தேதியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை கிழித்தது 120 தாள். பல காலண்டர்களில் பின்பக்கம் வெறும் வெள்ளைதான். கிழித்ததைக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்திருந்தால், அதில் முப்பது தாளை எடுத்து ஓரத்தில் கிளிப் மாட்டுங்கள். தாளுக்குத் தாள் ஒரு நூலளவு நகர்த்தி ஒரு பந்தை வரையச் சொல்லுங்கள். கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் பந்து துள்ளும். சினிமா எப்படி ஓடுகிறது என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. போன வருசத்துக் காலண்டர் அட்டை கெட்டியானது; வீடு கட்டவோ முகமூடி வெட்டவோ ஆகும். பசைக்கு, ஒரு கரண்டி மைதாவை ஐந்து கரண்டித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டினால் போதும். பூச்சி அரிக்காமலிருக்க பைண்டிங் கடையில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் பசையில் சேர்க்கவே கூடாது.

அடுத்தது காலித் தீப்பெட்டி. இரண்டு உள்பெட்டியில் நடுவே ஓட்டை போட்டு, நூலைக் கோத்து உள்ளே முடிச்சிட்டால் டெலிபோன். நூல் விறைப்பாக இருக்கும்வரை பேச்சு கேட்கும். நடுவில் ஒருத்தி விரலால் தொட்டால் நின்றுவிடும். குரல் என்பது அதிர்வு என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். முந்திக்கொண்டு நாம் சொல்லிவிடக் கூடாது. பெட்டிகளை வரிசையாக நூலில் கோத்தால் ரயில்.

எங்கள் தெருவில் இந்த ரயில் வேலை நடந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டு விட்டுப்போன பெட்டி ஒன்றை ஒரு சின்னவள் கொண்டுபோய் நீட்டினாள். ஆச்சி அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. விரல் பசையை இழுத்தது, மடிப்பைத் தடவியது, பெட்டி நிமிர்ந்துவிட்டது. சின்ன வயதில் வீட்டிலிருந்து பெட்டி ஒட்டிக் கொடுத்த கை அது. "இதுவரைக்கும் எத்தன குரோசு ஒட்டிருக்க தாயி?" என்றார் சிரித்துக்கொண்டே.

"ஒரு ரயிலு, ஆச்சி."

குரோஸ் என்றால் 144 பெட்டி. அந்தக் கணக்கில்தான் கூலி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தொழிலைத் தொடங்கியது 1923இல். மானம் பார்த்த கரிசல் பூமிக்கு அது சோறு போட்டது. அதை மறுக்க முடியாது. அந்தச் சோற்றில் பிள்ளைகளின் கையும் இருந்தது. விடியுமுன் கிராமத்துக்கு வண்டி வரும். அரைத்தூக்கத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். குச்சி அடுக்கவும் லேபிள் ஒட்டவும் சின்ன விரல்தான் தோது என்று சொல்லிக்கொண்டார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் சிவகாசியைப் பற்றி எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தில் அந்த முகங்கள் இருக்கின்றன. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986இல். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பர் 10 அன்று: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும். சட்டமும் தீர்ப்பும் பள்ளிக்கூடச் சோறும் மிஷினும் சேர்ந்துதான் அந்தக் கைகளை விடுவித்தன.

ஆகவே இந்த மாவட்டத்தில் ஒரு பிள்ளை தீப்பெட்டியை எடுத்து எதற்கும் உதவாத ஒரு ரயில் செய்வதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. அது இரண்டு தலைமுறைக்குப் பிறகு கிடைத்த உரிமை.

அதே தீக்குச்சியைப் பாடப்பொருளாக்கியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்து, டெல்கோ கம்பெனியில் வேலை பார்த்தவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். சைக்கிள் வால்டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, இரண்டு முனையிலும் தீக்குச்சியைச் செருகினார்; இணைப்பு தயார். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அமுக்கினால் அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்தால் ஒருபக்கமாகச் சாயும். கரண்ட் டவரில் ஏன் இத்தனை முக்கோணம் என்பதற்கு விடை பிள்ளையின் கையிலேயே கிடைத்துவிடும். இப்படிப்பட்ட பொம்மைகளுக்காக 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செய்து பார்க்கிறவர்கள் மருந்து முக்காத வெள்ளைக்குச்சியையே எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் விளக்குமாற்றுக் குச்சியை நறுக்கிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் முன்பிருந்தே நம்மிடம் இருப்பது நுங்கு வண்டி. நுங்கு தோண்டித் தின்ற இரண்டு காய், நடுவே அச்சாக ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு போகக் கவட்டை வைத்த ஒரு நீளக் கம்பு. பனையோலைக் காற்றாடிக்கு ஆணி கருவேல முள். இரண்டுக்கும் செலவு கிடையாது. நுங்கு விலையை மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. மற்ற ஊரில் கண்ணில் பட்ட கழிவையெல்லாம் பொறுக்கலாம், இங்கே கூடாது. பட்டாசு ஆலைப்பக்கம் கிடக்கும் தாள் குழல், சாம்பல் நிறத் தூள் படிந்த அட்டை, வெடிக்காமல் கிடக்கும் சரம் எதையும் பிள்ளைகள் தொடக்கூடாது. புஸ்வாண மருந்தைக் கொட்டிக் கொளுத்திப் பார்ப்பதும் விளையாட்டல்ல. தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டிப் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். தீப்பெட்டியைக் கொடுக்குமுன் உள்ளே ஒரு குச்சிகூட இல்லையென்று பாருங்கள். உரசும் பட்டையைப் பெரியவர்களே வெட்டி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் தள்ளி உட்காருங்கள். கோணலை நிமிர்த்த வேண்டாம், போட்டோவுக்காக இன்னொரு தடவை செய்யச் சொல்ல வேண்டாம். சாயங்காலம் அவர்களே மிதித்து உடைத்தால் உடைக்கட்டும். சுத்தமும் வேகமும் எண்ணிக்கையும் ஆபீசில் கேட்டவை.

அச்சக முதலாளிகளிடமும் தீப்பெட்டி ஆபீஸ்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் மாதம் ஒரு சாக்கு வெட்டுத்தாளையும் ஒரு பெட்டி வெள்ளைக்குச்சியையும் பக்கத்துக் கிளை நூலகத்தில் இறக்கி வையுங்கள். எடைக்குப் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது டீச்செலவுதான். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் கையிலிருந்து இந்தத் தொழில் வாங்கிக்கொண்டதற்கு இது வட்டிகூட ஆகாது. ஆனாலும் எங்காவது தொடங்க வேண்டும்.