கையில் மெடல்... ஆனா ஓட்டு இல்லை! யார் இந்த ஜான் லாசன்?

1864 ஆகஸ்ட் 5. அமெரிக்க உள்நாட்டுப் போர். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கையில் இருந்த அலபாமாவின் மொபைல் விரிகுடாவுக்குள் வடக்கு அரசின் கப்பல்கள் நுழைகின்றன. இந்தச் சண்டையைப் பற்றித் தேடினால் முதலில் வருவது அட்மிரல் டேவிட் ஃபாரகட்டின் பெயர்தான். கடலில் கண்ணிவெடி இருக்குன்னு தெரிந்தும் படையை முன்னேறச் சொன்னவர்.

அவருடைய ‘ஹார்ட்ஃபோர்ட்’ கப்பலின் கீழ்த்தளத்தில் இன்னொருவர் இருந்தார். ஜான் லாசன். 1837-ல் பென்சில்வேனியாவில் பிறந்த கறுப்பின மாலுமி. கடல் அனுபவம் இல்லாதவர்களுக்குத் தரும் ‘லேண்ட்ஸ்மேன்’ பதவி. பீரங்கிக் குண்டுகளை மேல்தளத்துக்கு ஏற்றிவிடும் ஆறு பேரில் ஒருவர்.

அன்று என்ன நடந்தது?

எதிரியின் குண்டு ஒன்று அந்த இடத்திலேயே வெடித்தது. ஆறு பேரில் சிலர் இறந்தார்கள், மற்றவர்களுக்குக் காயம். காலில் அடிபட்ட லாசன் கப்பலின் பக்கச் சுவரில் தூக்கி வீசப்பட்டார். நிதானத்துக்கு வந்ததும் சிகிச்சைக்குப் போகச் சொன்னார்கள். போகலை. சண்டை முடியும்வரை குண்டுகளை ஏற்றிக்கொண்டே இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 31-ல் அமெரிக்காவின் மிக உயரிய ராணுவ விருதான ‘மெடல் ஆஃப் ஹானர்’ அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இதோட நிறுத்தினா நல்ல ரீல்ஸ் கதை. ஆனா விஷயம் அது இல்லை.

லாசன் கைக்குழந்தையாக இருந்த 1838-ல், பென்சில்வேனியா தன் அரசியல் சட்டத்தை மாற்றி, ஓட்டுரிமை வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்றது. அந்தத் தடை விலகியது 1870-ல், 15-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான். அதாவது, நாட்டின் உச்ச விருதை வாங்கியவர், ஐந்து வருஷத்துக்கு மேல் சொந்த மாநிலத்தில் ஓட்டுப் போட முடியாது!

“ரத்தம் சிந்தித்தானே உரிமையைச் சம்பாதிச்சாங்க?” என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பாராட்டில்தான் சிக்கலே. போர்க்களம் பக்கமே போகாத வெள்ளைக்காரரிடம் யாரும் இந்த விலையைக் கேட்கவில்லை. லாசனிடம் மட்டும் ஏன்?

ஒருவரை ‘ஹீரோ’ என்று கொண்டாடுவது சுலபம். ஒரு மெடல், ஒரு கைதட்டல் போதும். சக குடிமகனாக நடத்துவதுதான் கஷ்டம். லாசனின் தைரியத்துக்குத் தாராளமா கைதட்டலாம். ஆனா சம உரிமை அந்தத் தைரியத்துக்கான பரிசு இல்லை. அவர் கப்பல் ஏறுவதற்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியது.