கழித்தவர் யார், காத்தவர் யார்?

இங்கிலாந்தின் தெற்கே சஸ்ஸெக்ஸ் பகுதியில் ஹார்ஸ்டெட் கீன்ஸ் என்று ஒரு கிராமத்து ஸ்டேஷன் இருக்கிறது. அதை ஒட்டி ஒரு ரயில் பெட்டிப் பட்டறை. நூறு வருஷத்துக்கும் மேலான மரப் பெட்டிகளை அங்கே பிரித்து, உளுத்துப்போன சட்டங்களை அகற்றிப் புதிய சட்டங்களைப் பொருத்தி, மறுபடியும் தண்டவாளத்தில் ஓட விடுகிறார்கள். இந்த வேலையில் ஈடுபட்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கூலி கிடையாது. ஓய்வு பெற்ற தொழிலாளிகள், குமாஸ்தாக்கள், பள்ளி ஆசிரியர்கள், வாலிபர்கள் என்று பலரும் லீவு நாளில் வந்து ரம்பமும் இழைப்புளியும் பிடிக்கிறார்கள்.

"இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு அல்லவா? பழைய பெட்டியைத் தேய்த்து மினுக்கினால் உழைக்கும் மக்களுக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பெட்டிகளைக் குப்பையில் எறிந்தது யார் என்ற கேள்வியை அதற்கு முன்னால் கேட்டாக வேண்டும்.

ஹார்ஸ்டெட் கீன்ஸ் வழியாக லூயிஸிலிருந்து ஈஸ்ட் கிரின்ஸ்டெட் போகும் பாதை 1882-ல் திறக்கப்பட்டது. 1955 மே மாதத்தில், நஷ்டம் என்று கணக்குக் காட்டி, பிரிட்டிஷ் ரயில்வே நிர்வாகம் அதை மூடியது. சைலி கிராமத்தில் வசித்த மாட்ஜ் பெசிமர் என்ற பெண்மணி சும்மா இருக்கவில்லை. பாதை போடுவதற்குப் பார்லிமெண்ட் இயற்றிய பழைய சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தார். தினசரி நான்கு ரயில் விட்டே தீர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது! நிர்வாகம் வேறு வழியில்லாமல் 1956 ஆகஸ்டில் ரயில் விட்டது. எப்படி விட்டது தெரியுமா? சட்டத்தில் பெயர் இல்லாத ஸ்டேஷன்களில் வண்டி நிற்காது. மனமில்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டிய அந்த ரயிலை ஜனங்கள் கேலிப் பெயர் வைத்து அழைத்தார்கள். பிறகு சட்டத்தின் ஷரத்தையே ரத்து செய்துவிட்டு, 1958 மார்ச்சில் ஒரேயடியாக மூடினார்கள்.

ஜனங்கள் விடவில்லை. சங்கம் அமைத்தார்கள், பாதையில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1960 ஆகஸ்ட் 7-ந் தேதி தொண்டர்களின் முதல் ரயில் கிளம்பியது. இன்றைய ப்ளூபெல் ரயில்வே அப்படிப் பிறந்ததுதான். இடிந்து கிடந்த வடபகுதியையும் மீட்டு 2013 மார்ச்சில் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை ரயிலைக் கொண்டு சேர்த்தார்கள்.

இது ஒரு பாதையின் கதை மட்டும் அல்ல. 1963-ல் பீச்சிங் அறிக்கை வந்தது. ஐ.சி.ஐ. என்ற ராட்சச ரசாயனக் கம்பெனியின் டைரக்டராக இருந்தவர் பீச்சிங். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடச் சொல்லிற்று அவருடைய அறிக்கை. அவரை நியமித்த போக்குவரத்து மந்திரி எர்னஸ்ட் மார்பிள்ஸ், சாலை போடும் கம்பெனி ஒன்றை நிறுவியவர்களில் ஒருவர். இதற்கு மேல் விளக்கம் தேவையா? இவையெல்லாம் 1948-லேயே தேசிய உடைமையாகிவிட்ட ரயில்வேயில்தான் நடந்தன என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பெயர்ப் பலகை மாறியது. கணக்குப் போடுகிறவர்களின் புத்தி மாறவில்லை.

பாதையோடு பட்டறைகளும் போயின. சஸ்ஸெக்ஸ் கடற்கரையிலுள்ள லான்ஸிங் பெட்டிப் பட்டறைக்குப் பிரைட்டனிலிருந்து தொழிலாளிகளை ஏற்றிச் செல்லத் தனி ரயிலே ஓடியது. 1965-ல் அது மூடப்பட்டது. 1843 முதல் இயங்கிய ஸ்விண்டன் 1986-ல் மூடப்பட்டது. யார்க் நகரத்துப் பெட்டித் தொழிற்சாலை, தனியார் கைக்குப் போன பிறகு, 1996-ல் மூடப்பட்டது. மூடும்போது இயந்திரங்களுக்கு ஏலம் போட்டார்கள். தொழிலாளியின் கையில் இருந்த வித்தைக்கு விலை போட யாருக்கும் தோன்றவில்லை.

அது சாதாரண வித்தை அல்ல. பழைய பெட்டி என்பது ஒரு மர வீடு. ஆனால் வீடு நின்ற இடத்தில் நிற்கும். இதுவோ ஓடும்போது குலுங்கும், வளையும், மழையிலும் வெயிலிலும் கிடக்கும். ஒவ்வொரு மூட்டும் அசைவைத் தாங்க வேண்டும். ஆனாலும் பிரிந்துவிடக் கூடாது. கூரைப் பலகை மேல் கான்வாஸ் துணியை இழுத்துப் போர்த்திச் சாயம் பூசி நீர் புகாமல் அடைக்க வேண்டும். ஆசனத்தில் குதிரை மயிர் திணித்துத் தைக்க வேண்டும். ஜன்னலை ஏற்றி இறக்கத் தோல் வார். வெளிப்புறத் தேக்குப் பலகைக்கு ஒன்றின் மேல் ஒன்றாக வார்னிஷ். ஒரு பூச்சு காய்ந்து, தேய்த்த பிறகுதான் அடுத்த பூச்சு. கடைசியில் தங்க ரேக்கில் எழுத்து. தச்சர், கொல்லர், மெத்தை தைப்பவர், பெயிண்டர் என்று இத்தனை பேரும் கைகோக்க வேண்டும். ஒரு பெட்டி முடியப் பல வருஷம் ஆகிறது. (அந்நாளில் இங்கிலாந்துக்குத் தேக்கு பெரும்பாலும் பர்மாக் காடுகளிலிருந்தே போயிற்று. வெட்டி இழுத்தவர்களின் உழைப்பும் அந்தப் பளபளப்பில் இருக்கிறது; எந்தப் பலகையிலும் அது எழுதப்படுவதில்லை.)

அழிந்த பெட்டிகள் போக, மிஞ்சியவை எப்படி மிஞ்சின? இதுவும் ஏழைகளின் கைங்கரியம்தான். கம்பெனிகள் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வெறும் உடலைச் சொற்ப விலைக்கு விற்றன. வீடு கட்ட வசதியில்லாதவர்கள் வாங்கிக் குடியிருந்தார்கள். ஷோர்ஹாம் கடற்கரையில் இப்படிப் பெட்டிகளாலேயே ஒரு குடியிருப்பு உண்டாயிற்று. மேலே தகரக் கூரையும் பக்கத்தில் சுவரும் எழுப்பியதால் உள்ளே மரம் பிழைத்தது. ப்ளூபெல் பட்டறைக்கு வந்த பழம்பெட்டிகள் சில அப்படிக் கோழிக் கொட்டகையாகவும் குடிசையாகவும் கிடந்தவையே. வேறு சில கடைசி வரை ஓடியவை: 1898-லிருந்து 1900-க்குள் கட்டிய மெட்ரோபாலிட்டன் பெட்டிகள் நான்கு, லண்டனுக்கு வெளியே செஷம் கிளைப் பாதையில் 1960 வரை உழைத்துவிட்டு அடுத்த வருஷம் இங்கே வந்து சேர்ந்தன.

மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றில் ஏறி உட்கார்ந்தால் ஒரு வர்க்கத்தின் சரித்திரத்தில் உட்காருகிறோம். 1841 டிசம்பர் 24 அதிகாலை, லண்டனிலிருந்து மேற்கே போன ரயில் ஸோனிங் பள்ளத்தில் மண்சரிவில் மோதியது. மூன்றாம் வகுப்புக்காரர்கள் கூரையே இல்லாத திறந்த வண்டிகளில், எஞ்சினுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் நடுவே அடைக்கப்பட்டிருந்தார்கள். ஒன்பது பேர் மாண்டார்கள். மாண்டவர்களிலும் காயம்பட்டவர்களிலும் பெரும்பாலோர் புதிய பார்லிமெண்ட் மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்த கல் தச்சர்கள். பண்டிகைக்கு வீடு திரும்பியவர்கள். இதற்குப் பிறகுதான், 1844-ல், மூன்றாம் வகுப்புக்குக் கூரையும் ஆசனமும் வேண்டும், மைலுக்கு ஒரு பென்னிதான் கட்டணம், வேகம் மணிக்குப் பன்னிரண்டு மைலுக்குக் குறையக் கூடாது என்று சட்டம் வந்தது. அதுவும் நாளைக்கு ஒரு ரயிலுக்கு மட்டும்! மிட்லண்ட் கம்பெனி 1875-ல் இரண்டாம் வகுப்பை எடுத்துவிட்டு மூன்றாம் வகுப்பாருக்கு மெத்தை கொடுத்தபோது மற்றக் கம்பெனிகள் கூச்சல் போட்டன. குதிரை மயிர் திணித்த அந்த மெத்தை சும்மா கிடைத்த மெத்தை அல்ல.

ஆகவே, ராஜா ராணி ஏறிய ஸலூனுக்கு மட்டும் தங்க ரேக் போட்டுவிட்டு, மரப் பலகை ஆசனத்தை விறகாக்குவது மீட்பு ஆகாது. ப்ளூபெல் தொண்டர்கள் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளையும் அதே சிரத்தையோடு செப்பனிட்டிருக்கிறார்கள். இதை மனமாரப் பாராட்டுகிறேன்.

இன்னொரு சங்கதியும் அந்தப் பெட்டிகளில் இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய மார்க்-1 பெட்டிகளின் சுவருக்குள் நீல ஆஸ்பெஸ்டாஸைப் பீய்ச்சி அடித்தார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குப் பல வருஷங்கள் கழித்து நெஞ்சுக் கூட்டில் புற்றுநோய் வந்தது. ஸ்விண்டனில் அதற்கு ஊர்ப் பெயரையே வைத்து "ஸ்விண்டன் நோய்" என்றார்கள். இன்று அத்தகைய பெட்டியைத் தொடுவதற்கு முன், உரிய பாதுகாப்போடு அதை நீக்கியாக வேண்டும். நீக்கிய பிறகு சுவர் வெறுமையாக இருக்கிறது. அங்கே என்ன இருந்தது, அது யாரைக் கொன்றது என்று பயணிக்குச் சொல்ல ஒரு சிறு பலகை வைத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, கூலியில்லாத உழைப்பை நாம் ஆதரிக்கலாமா? இந்தப் பட்டறையில் தொண்டரின் உழைப்பைச் சுரண்டிக் கொழுக்கும் முதலாளி இல்லை. என்ன வேலை, எப்படிச் செய்வது என்று கூடிப் பேசிச் செய்கிறார்கள். ஆலையில் மணி அடித்ததும் உளியை வீசிவிட்டு ஓடிய அதே மனிதன் இங்கே மாலை மங்கிய பிறகும் வார்னிஷ் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வேலை பிடிக்காமல் அன்று ஓடவில்லை அவன். வேலை தன்னுடையதாக இல்லாததால் ஓடினான்.

ஆனால் இந்தப் பிரியத்தைக் காட்டியே அரசாங்கம் தன் கடமையைத் தட்டிக் கழிக்க முடியாது. லான்ஸிங்கிலும் ஸ்விண்டனிலும் வித்தை கற்றவர்களிடம் நேரில் பழகித்தான் முதல் தலைமுறைத் தொண்டர்கள் கற்றார்கள். லான்ஸிங் மூடிய வருஷம் பதினைந்து வயதில் அங்கே அப்ரண்டிஸாக இருந்தவருக்கும் இன்று எழுபத்தைந்துக்கு மேல். பிரிட்டனின் பழம்பாதைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் உழைக்கிறார்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அதில் சிறு பகுதிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர் ஒரு வளைந்த கதவுச் சட்டத்தை அளவு பிசகாமல் செதுக்கப் பல வருஷம் பழக வேண்டும். தொழிலாளி வீட்டுப் பையன் அத்தனை வருஷம் கூலியில்லாமல் பழக முடியுமா? வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அவனும் அவன் தங்கையும் அந்தப் பட்டறையில் நுழைய வேண்டுமானால், சங்கம் ஒப்புக்கொண்ட விகிதத்தில் சம்பளம் உள்ள அப்ரண்டிஸ் இடங்கள் வேண்டும். லாட்டரி நிதியிலிருந்து கொட்டகைக்கும் கண்காட்சிக்கும் பணம் வருகிறது. அதில் ஒரு பங்கை, ஒரு பெட்டி முடியும் வரையாவது, அப்ரண்டிஸ்களின் சம்பளத்துக்கு என்று ஒதுக்கும்படி அந்தப் பாதைகளின் சங்கங்களும் ரயில்வேத் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டும். பழைய கைகள் இன்னும் உளி பிடிக்கும்போதே கேட்க வேண்டும்.